ஈயக்குண்டுப் பாவாடை

காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு லிப்ட் வேலை செய்தது.

மாரியாயிதான் கண்டுபிடித்தாள். பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. உள்ளே ஏறவில்லை. எட்டாம் மாடித் தாழ்வாரம் முழுக்க ஓடிக் கதவுகளைத் தட்டினாள்.

"லிப்ட்டு ஓடுது! லிப்ட்டு ஓடுது! நல்ல சகுனம் லா. இன்னைக்குப் பாப்பா எடை ஏறிடும்."

எதிர்வீட்டுப் பரமேஸ்வரன் வாயில் பற்பசை நுரையோடு எட்டிப் பார்த்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். தனிக்கட்டை.

"லிப்ட்டு ஏறுனா பாப்பாவும் ஏறுமா ஆன்டி?"

"ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க."

எடை ஏற வேண்டும். அன்றைக்கு எட்டாம் மாடிக்கு வேறு வேலை இல்லை.

பாப்பாவின் பெயர் தாமரை. இரண்டரை வயது. எடையோ ஒரு வயதுக் குழந்தையின் எடை. போன மாதம் கிள்ளான் கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி சீதாலெட்சுமி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறையும் ஏறவில்லை என்றால் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்புவார். அம்மா கூடவே தங்க வேண்டும். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மா அமுதவள்ளிக்கு இரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தற்காலிக ஆள். இந்த மாதம் லீவு போடாமல் ஓட்டிவிட்டால் நிரந்தரம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். போட்டால், வாசலில் வேறு ஆள் நிற்கிறது. கணவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான். தூங்குவான். போவான்.

ஆகவே எடை ஏற வேண்டும்.

தாமரையைப் பார்த்தால் நோஞ்சான் என்று சொல்ல முடியாது. கால்கள் குச்சி. முன்பற்கள் கறுப்பு. ஆனால் நிற்க மாட்டாள். அமுதவள்ளி விடியுமுன் பக்கத்து வீட்டு மாரியாயியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவாள். சற்று நேரத்தில் தாமரை தாழ்வாரத்துக்கு வந்துவிடுவாள். எட்டாம் மாடி அவளுக்கு ஒரே வீடு. கதவுகள் மட்டும் நிறைய.

முதலில் மாரியாயி டின் பாலைச் சுடுநீரில் கரைத்துப் புட்டியில் கொடுப்பாள். டின்னில் மாட்டுப் படம் இருந்தது. அடுத்தது பரமேஸ்வரன் கதவு. தன் தேத்தண்ணியை ஆற்றி மூடியில் ஊற்றித் தருவான். தொட்டுக்கொள்ள பிஸ்கட். கடைசி வீட்டில் ரிஹானா. ரவிக்கை தைக்கிறவள். கணவருக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை. அங்கே சாக்லேட் மாவு கலக்கிய தண்ணி, கேக், ஊசிநூல் மேசைக்கு அடியில் ஒளிந்து விளையாட்டு. பிறகு மறுபடி முதல் கதவு.

எட்டாம் மாடியில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்தவுடன் 'பசியாறியாச்சா?' என்று கேட்பார்கள். பெரியவர்களை மட்டும். குழந்தை என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கண் பட்டுவிடும். சொன்னாலும் பட்டுவிடும். இளைத்த குழந்தை என்றால் இன்னும் ஜாக்கிரதை. ரிஹானா ஓதி ஊதுவாள். மாரியாயி உப்பு மிளகாய் சுற்றுவாள். வாயை மூடிக்கொள்வதில் இரண்டு பேரும் ஒன்று. ஆகவே பரமேஸ்வரன் கொடுத்தது ரிஹானாவுக்குத் தெரியாது. ரிஹானா கொடுத்தது மாரியாயிக்குத் தெரியாது. தான்தான் கூடுதலாக ஒரு வாய் கொடுக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். சோறு வேறெங்கோ நடந்துகொண்டிருந்தது.

சோறு நாகையாவிடம் நடந்துகொண்டிருந்தது.

நாகையா மாரியாயியின் கணவர். லோரி ஓட்டி ஓய்ந்தவர். மாரியாயி மத்தியானம் பேங்க் ஒன்றில் தரை துடைக்கப் போவாள். அந்த நேரம் பாப்பா அவர் பொறுப்பு. அமுதவள்ளி விடியற்காலையில் சமைத்து டிபனில் வைத்துவிட்டுப் போவாள். குழைந்த சோறு, பருப்பு, முட்டை, பொரித்த நெத்திலி. நாகையா திறப்பார். பிசைவார். காக்காய் காட்டுவார். லோரி மாதிரி உறுமுவார். தாமரை வாயைத் திறக்க மாட்டாள். வயிற்றில் மூன்று வீட்டுத் தண்ணி குலுங்கும்.

சோற்றைக் கொட்டினால் பாவம்.

நாகையாவுக்குச் சீனி வியாதி. மாரியாயி அவருக்குக் காலையில் ஓட்ஸ் கொடுத்தாள். மத்தியானம் ஓட்ஸ். இரவு மாறுதலுக்குச் சின்னக் கிண்ணத்தில் ஓட்ஸ். அவர் எதிரில் நெத்திலி மணத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே சாப்பிட்டார். டிபனைக் கழுவித் துடைத்து வைத்தார்.

சாயங்காலம் அமுதவள்ளி டிபனைத் திறந்து பார்ப்பாள். காலி. ஒன்றும் கேட்க மாட்டாள். பிள்ளையின் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். மறுநாள் ஒரு கரண்டி கூடுதலாக வைப்பாள். அடுத்த வாரம் இரண்டு முட்டை.

நாகையாவின் சட்டையில் கீழ்ப் பொத்தான் போனது. பிறகு அதற்கு மேல் பொத்தான்.

*

பாவாடை யோசனை பரமேஸ்வரனுடையது. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஓய்வு நாளில் தூண்டில் போடப் போகிறவன்; பெட்டி நிறைய ஈயக்குண்டு வைத்திருந்தான்.

"ரெண்டு குண்ட இடுப்புல கட்டி விடுக்கா. எடை ஏறிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரிஹானா சிரிக்கவில்லை. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

இப்போது பாவாடை அவள் கையில் இருந்தது. பச்சைப் பட்டு. மாம்பழக் கரை. கரையின் மடிப்புக்குள் ஈயக்குண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இது ஏமாத்து இல்லையா ரிஹானாக்கா?" அமுதவள்ளி கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு வார ஓய்வு.

"என்னா ஏமாத்து? ஜன்னல் சீலைக்குக் கீழ வெயிட்டு வைக்கிறதில்ல? அப்பத்தான் துணி நல்லா விழும். எங்க வூட்டுக்காரரக் கேளு."

"பாப்பா ஜன்னலா அக்கா?" என்றான் பரமேஸ்வரன்.

"நீ கார எடு."

அமுதவள்ளி பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். கை இறங்கியது. ஒரு மாதம் போதும். வேலை நிரந்தரமாகிவிட்டால் லீவு கேட்கலாம். அதற்கப்புறம் வார்டோ வானமோ. அவள் தாமரையைக் கூப்பிட்டாள்.

மாரியாயி தன் பங்குக்கு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்தாள். முறுக்குக் கயிறு போல இருந்தது.

"இது யாருது ஆன்டி?"

"இவரோடது. சின்னப்புள்ளையில போட்டது."

"சின்னப்புள்ளையிலயே அங்கிளுக்கு இந்த இடுப்பா?"

நாகையா சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

தாமரைக்குப் பாவாடை பிடித்துவிட்டது. நடந்தாள். பாவாடை ஒரு பக்கம் போனது. அவள் ஒரு பக்கம் போனாள். கோயில் மணி மாதிரி ஆடினாள். பிறகு கண்டுபிடித்தாள்: சுற்றினால் பறக்கும். சுற்றினாள். கரை உயர்ந்து குடையாக விரிந்து நாகையாவின் முழங்காலில் டொக்கென்று பட்டது.

"அம்மாடி!"

"சுத்தாதடா கண்ணு! தாத்தாவுக்கு இன்னொரு கால்தான் மிச்சம்!" மாரியாயி கத்தினாள்.

அவள் மறுபடி சுற்றினாள். தாழ்வாரமே சுவரோரம் ஒதுங்கியது.

கிளம்புமுன் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிப் பாப்பாவைத் தங்கள் வீட்டுக்குள் கூட்டிப் போனார்கள். வாயைத் துடைத்து வெளியே அனுப்பினார்கள். தண்ணியும் எடைதானே.

லிப்ட்டில் ஏறினார்கள். கதவு மூடவில்லை. மணி கத்தியது. பாரம் அதிகம்.

"பாவாடையா?" ரிஹானா பெருமையோடு கேட்டாள்.

அமுதவள்ளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மணி கத்தியது. உள்ளே போனாள். பரமேஸ்வரன் வெளியே வந்தான். மணி கத்தியது. அவனும் உள்ளே போனான். மாரியாயி கணவரைப் பார்த்தாள். நாகையா ஒரு காலை வெளியே வைத்தார். மணி யோசித்தது. இன்னொரு காலையும் வைத்தார். நின்றுவிட்டது.

"ஓட்ஸ்தான் குடுக்கிறேன்," மாரியாயி சொன்னாள். "ஓட்ஸ்தான்."

நாகையா எட்டு மாடியும் இறங்கி வந்தார். கீழே வந்தபோது மூன்றாவது பொத்தானும் இல்லை.

*

கிளினிக்கில் கூட்டம். பிள்ளைகள் ஊசிக்கு அழுதுகொண்டிருந்தார்கள். தாமரை அழவில்லை. சுற்றினாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

பெயர் வந்தது. அறைக்குள் அம்மாவும் பிள்ளையும் மட்டும் போகலாம். எல்லாரும் போனார்கள்.

மிஸ்ஸி சீதாலெட்சுமி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இவங்கலாம் யாரு?"

"ஒரே மாடி மிஸ்ஸி," மாரியாயி சொன்னாள்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தாப்பல இருக்கு. சரி, பாப்பாவ ஏத்துங்க. போன தடவ மாதிரி அழுவாளா? பாவாட இருக்கட்டும், பரவால்ல."

அமுதவள்ளி மூச்சை விட்டாள். தாமரை தராசில் ஏறி நின்றாள். எண்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. நின்றன.

எட்டாம் மாடி கைதட்டியது. பரமேஸ்வரன் விசிலடித்தான். வெளியே ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

மிஸ்ஸி எண்ணைப் பார்த்தார். தாமரையைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துல இவ்ளோவா? என்னா அமுதா, சிமெண்ட்டு ஊட்டினீங்களா?"

எட்டாம் மாடி கூரையைப் பார்த்தது.

மிஸ்ஸி குனிந்து பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கினார். ஒரு கையால் பாவாடையின் கரையை ஏந்தினார். இரண்டையும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"பாப்பாவுல ஒண்ணுமில்ல. பாவாடதான் கை வலிக்குது."

அப்போது தையல் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தது. ஒரு குண்டு விழுந்து டைல்ஸில் உருண்டது. பிறகு ஒன்று. பிறகு மழை. தாமரைக்கு ஆனந்தம். கைகொட்டிச் சிரித்தாள். குண்டுகள் மேசைக்கு அடியிலும் கதவு இடுக்கிலும் போயின. பரமேஸ்வரன் முட்டிபோட்டுப் பொறுக்கினான்.

"இது நல்ல குண்டு மிஸ்ஸி. ஆத்து மீனுக்கு."

"புள்ள மேல ஈயத்த கட்டுவாங்களா? போயி கைய கழுவு. பாப்பா கையையும் கழுவு."

மிஸ்ஸியின் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பாவாடையை அவிழ்த்தார். அரைஞாணை அவிழ்த்தார். அதைக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார். ஜட்டியோடு தாமரை தராசில் ஏறினாள். விலா எலும்புகள் தெரிந்தன. வயிறு மட்டும் உருண்டை, அதற்குள் தண்ணி.

எண் ஓடவில்லை. வந்து நின்றது. போன மாத எண்தான்.

அமுதவள்ளி தராசின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்லணும் அமுதா," மிஸ்ஸி மெதுவாகச் சொன்னார். "வார்டுதான்."

"எனக்கு வேல போயிடும் மிஸ்ஸி."

"தெரியுது."

"புள்ள சாப்பிடுது மிஸ்ஸி. சத்தியமா சாப்பிடுது. தினமும் டிபன் காலியா வருது. நான் சொல்லக் கூடாதுன்னு சொல்லல. கண்ணு பட்டுடும்னு..."

அவள் சொல்லிவிட்டாள். வழக்கம் உடைந்துவிட்டது. ரிஹானா மார்பில் கைவைத்தாள். மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் உடைந்தது உடைந்ததுதான். இனி யார் வாயைப் பிடிப்பது?

"நானும் குடுக்கிறேன் மிஸ்ஸி!" ரிஹானா முன்னால் வந்தாள். "சாக்லேட் தண்ணி. கேக். தினம்."

"நீயுமா?" என்றாள் மாரியாயி. "நான் காலையில பால் குடுக்கிறேன்! டின்னு பாலு, ரெண்டு புட்டி!"

"ஆன்டி, நான் தேத்தண்ணி குடுக்கிறேன். பிஸ்கட்டு. நாலு."

"அடப்பாவி, நாலா?"

"கேட்டா குடுக்காம இருக்க முடியுமா ஆன்டி? அது கண்ண உருட்டுது."

"எங்கிட்டயும் உருட்டும்!"

"எங்கிட்ட ஆடிக் காட்டும்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். ஏலம் போல இருந்தது. தாமரை தன் பெயர் வரும்போதெல்லாம் கைதட்டினாள். மிஸ்ஸி பேனாவால் மேசையைத் தட்டினார்.

"ஆன்டி, அந்த டின்னு பாலு பாலே இல்ல. சீனியும் செம்பன எண்ணெயும்."

"மாட்டுப் படம் போட்டிருக்கே மிஸ்ஸி!"

"மாட்டுக்கே தெரியாம போட்டிருப்பாங்க. இதெல்லாம் வயித்த ரொப்பும். ஒடம்ப ரொப்பாது. தேத்தண்ணியும் கேக்கும் உள்ள போயி வயிறு நெறஞ்சா மத்தியானம் அது எப்படிச் சோறு திங்கும்?"

"திங்குதே மிஸ்ஸி," அமுதவள்ளி சொன்னாள். "ரெண்டு முட்டை. நெத்திலி. ஒரு பருக்கை மிச்சம் இருக்காது."

"ரெண்டு முட்டையா? இந்தப் பாப்பாவா?"

மிஸ்ஸி தாமரையைப் பார்த்தார். பிறகு அவர் கண் மெல்ல நகர்ந்தது. மாரியாயியைத் தாண்டியது. ரிஹானாவைத் தாண்டியது. கதவோரம் சுவரைப் பார்த்து நின்ற நாகையாவின் முதுகில் போய் நின்றது.

"அங்கிள், திரும்புங்க."

நாகையா திரும்பினார். முதலில் வயிறு திரும்பியது. சட்டையில் மூன்று பொத்தான் இல்லை. உள்பனியனில் மஞ்சளாகப் பருப்புக் கறை.

தாமரை விரலை நீட்டினாள்.

"தாத்தா மம்மம்."

"யோவ்!" என்றாள் மாரியாயி.

"கொட்டக் கூடாதே," நாகையா சொன்னார். குரல் சின்னதாக வந்தது. "அது வாயத் தொறக்க மாட்டேங்குது. நான் காக்கா காட்டுனேன். லோரி ஓட்டுனேன். சோத்தக் கொட்டுனா பாவம் இல்லையா? அமுதா கஷ்டப்பட்டுச் செஞ்சது. மனசு நோவும்னு சொல்லல."

"நெத்திலியுமா?"

"நெத்திலி... நல்லா இருந்துச்சு அமுதா."

பரமேஸ்வரன்தான் முதலில் வெடித்தான். பிறகு ரிஹானா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். மாரியாயி கணவரை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை சிரிப்பில் இறங்கியது. "ஓட்ஸு! ஓட்ஸு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அமுதவள்ளிக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாக வந்தது. காரணம் தெரியாமல் தாமரை எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். தராசில் நின்று குதித்தாள். எண் ஏறியது, இறங்கியது, ஏறியது.

மிஸ்ஸி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

"கேளுங்க. பாப்பாவுக்கு நோயி ஒண்ணுமில்ல. சோறு போகணும், அவ்ளோதான். ரெண்டு வாரம் டைம் குடுங்கன்னு நான் டாக்டர்கிட்ட பேசிப் பாக்கிறேன். ஆனா டாக்டர் என்னைக் கேப்பாரு, பகல்ல யாரு பொறுப்புன்னு. நான் ஒரு பேரு சொல்லணும்."

"நான் மிஸ்ஸி!" என்றாள் ரிஹானா.

"நான்தான். புள்ள எங்க வூட்லதான இருக்கு!" என்றாள் மாரியாயி.

"நான் காலையில சும்மாதான் இருக்கேன்," பரமேஸ்வரன் கை தூக்கினான்.

நாகையாவும் தூக்கினார். மாரியாயி பார்த்த பார்வையில் இறக்கினார். தாமரை தன் கையைத் தூக்கினாள். இரண்டையும்.

மிஸ்ஸி மறுப்பாகத் தலையாட்டினார்.

"எல்லாரும் கை தூக்குனா மறுபடி அதே கததான். ஒரு கதவு தொறந்திருக்கணும். மத்த கதவெல்லாம் மூடணும். அது தட்டும். அழும். தொறக்கக் கூடாது."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் அமுதவள்ளியைப் பார்த்தார்கள். அவள் அவிழ்த்த பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். கரையில் ஒரே ஒரு குண்டு மிச்சம் இருந்தது. அதை விரலால் நெருடினாள்.

மிஸ்ஸி டாக்டர் அறைக் கதவில் கைவைத்துத் திரும்பினார்.

"நீங்கதான் சொல்லணும் அமுதா. எந்தக் கதவு?"